மிதிவண்டியைப் பேணும் முறை

ஏழையர்க்கும் செல்வர்க்கும் ஒருங்கே பயன்படும் ஊர்திகள் மிகச் சில. அவற்றுள் தலையாயது மிதிவண்டி. அதற்குத் தீனி இட வேண்டுவதில்லை. பெட்ரோலோ மின்னாற்றலோ செலவிட வேண்டுவதில்லை. ஏறிச் செல்வோரின் கால் வலிமையே அதனை இயக்கப் போதும். பால்காரர் விடியற்காலையில் வீடுதோறும் பால் கொணர்வதும், தொழிலாளர் ஆலைக்குச் செல்வதும், சிற்றூர் மாணவர் தொலைவிலுள்ள பள்ளியை உரிய நேரத்தில் அடைவதும் பலவிடங்களில் இதன் துணையாலேயே நடைபெறுகின்றன. இத்தகைய ஊர்தியை வைத்திருப்போர், அதனைத் தம் கையாலேயே பேணவும் அறிந்திருத்தல் வேண்டும்.

மிதிவண்டி இன்றைய வடிவத்தை ஒரே நாளில் பெற்றதன்று. ஜெர்மனி நாட்டினரான கார்ல் வான் டிரைஸ் என்பார் 1817-ஆம் ஆண்டில் மரத்தாலான இருசக்கர வண்டி ஒன்றை அமைத்தார். அதில் மிதிகட்டை இல்லை. அமர்ந்தவர் தம் கால்களால் நிலத்தை உந்தியே செல்ல வேண்டியிருந்தது. பின்னர், 1860-களில் பாரிஸ் நகரில் முன்சக்கரத்தோடு மிதிகட்டைகளை இணைத்த வண்டிகள் தோன்றின. 1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள காவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார், மிதிக்கும் ஆற்றலைச் சங்கிலியின் வழியே பின்சக்கரத்திற்குச் செலுத்தும் 'ரோவர்' வண்டியைச் செய்தளித்தார். 1888-ஆம் ஆண்டில், பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி அதிராமல் ஓட வேண்டும் என்னும் விருப்பமே அவரை இம்முயற்சியில் ஈடுபடுத்தியது.

அன்று முதல் இன்றுவரை மிதிவண்டியின் அடிப்படை அமைப்பு பெரிதும் மாறவில்லை. அதன் உறுப்புகளிற் பெரும்பாலானவை வெளிப்படையாகவே அமைந்துள்ளன. எது எதனை இயக்குகின்றது என்பதைக் கண்ணாற் கண்டும் விரலால் தொட்டும் அறியலாம். ஆதலின், அதன் சிறு பழுதுகளைச் சீர்செய்வதற்குப் பெரிய பட்டறையும் நீண்ட காலப் பயிற்சியும் வேண்டுவதில்லை.

தமிழ்நாட்டில் மிதிவண்டி கல்வியோடு நெருங்கிய தொடர்புடையது. 1991-ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது, எழுத்தறிவு பெற்ற சிற்றூர்ப் பெண்கள் பல்லாயிரவர் மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். தண்ணீர் கொணரவும், விளைபொருளை எடுத்துச் செல்லவும், பிறர் துணையை எதிர்பாராது வெளியூர் சென்று வரவும் அது அவர்களுக்கு உதவியது. பின்னர், 2001-ஆம் ஆண்டில் மாணவியர் சிலர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கிய தமிழ்நாட்டு அரசு, 2005-ஆம் ஆண்டு முதல் அத்திட்டத்தை அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பயிலும் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர்க்கு விரிவாக்கியது.

ஆயினும், வண்டியைப் பெறுவது வேறு. அதனை ஓடும் நிலையில் வைத்திருப்பது வேறு. பேருந்து செல்லாத ஊரிலிருந்து 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளிக்குச் செல்லும் மாணவி ஒருத்தியை எண்ணுக. சீமைக் கருவேல முள் ஒன்று அவளது வண்டியின் டயரில் தைத்துவிடுகின்றது. பழுதுபார்க்கும் கடை அவ்வூரில் இல்லை. தந்தையார்க்கோ ஞாயிற்றுக்கிழமையன்றி ஓய்வில்லை. வண்டி திண்ணையோரம் சாய்ந்து கிடக்கின்றது. மாணவி நாள்தோறும் இரண்டு மணி நேரம் நடக்கின்றாள். அல்லது பள்ளிக்குச் செல்லாது பாடங்களை இழக்கின்றாள். அம்முள்ளை நீக்கி ஒட்டுப்போடுவதோ அரைமணி நேரத்தில் முடியும் வேலை. அவ்வேலையை அறிந்திருந்தால் ஒரு சிறு முள் அவளது கல்வியைத் தடுக்க முடியாது.

மிதிவண்டியைக் கெடுப்பன மூன்று. அவை புழுதி, நீர், தளர்ச்சி என்பன. புழுதி எண்ணெயோடு கலந்து, சாணைப்பொடி போலச் சங்கிலியையும் அச்சுகளையும் தேய்க்கின்றது. நீர் இரும்பில் துருவை உண்டாக்குகின்றது; கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்து துருவை விரைவுபடுத்துகின்றது. மேடுபள்ளமான வழியில் ஓடும்போது உண்டாகும் அதிர்ச்சியால் நட்டுகளும் திருகாணிகளும் மெல்ல மெல்லத் தளர்கின்றன. இம்மூன்றையும் விலக்குவதே பேணுதலாகும். வண்டியை வெயிலிலும் மழையிலும் கிடக்கவிடாது நிழலில் நிறுத்துதலும், மழையில் நனைந்தால் அன்றே துணியால் துடைத்துலர்த்துதலும், வாரம் ஒருமுறை தூசி நீக்குதலும் பல பழுதுகளை வருமுன் காக்கும். துடைக்கும்போது கை ஒவ்வோர் உறுப்பையும் தொடுகின்றது. அப்போதே தளர்ந்த நட்டும், முறிந்த கம்பியும், கிழிந்த டயரும் தெரியவரும்.

இனி ஒவ்வோர் உறுப்பாகக் காண்போர் முதலில் நோக்கத்தக்கது டயர். டியூபிலுள்ள காற்று, துளை இல்லாவிடினும் சிறிது சிறிதாகக் குறைவது இயல்பு. ஆதலால் வாரந்தோறும் காற்றடிக்க வேண்டும். காற்றுக் குறைந்த வண்டி மிதிப்பதற்குக் கடினமாக இருக்கும். அன்றியும், அது கல்லின்மேல் ஏறும்போது, டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் நசுங்கி, அருகருகே இரண்டு துளைகள் விழும். பாம்பின் பல்தடம் போலத் தோன்றும் இவ்விரட்டைத் துளையைக் காண்போர், குற்றம் முள்ளினுடையதன்று, காற்றடியாமையினுடையது என உணரலாம்.

காற்று இறங்கிய உடனே டியூபைக் கழற்றுதல் கூடாது. முதலில் வால்வை ஆராய்தல் வேண்டும். பழைய வகை மிதிவண்டிகளின் வால்வுத் தண்டில் மெல்லிய ரப்பர்க் குழல் ஒன்று செருகப்பட்டிருக்கும். கடைகளில் இதனை 'வால்டியூப்' என்பர். உள்ளே செல்லும் காற்றை வெளியேறாமல் தடுப்பது இதுவே. நாளடைவில் இது வெடித்தும் இளகியும் போகும். வால்வின் வாயில் ஒரு துளி நீர் வைத்தால், காற்றுக் கசியுமாயின் குமிழி எழும். குமிழி எழுந்தால் அக்குழலை மட்டும் மாற்றினால் போதும். இஃதறியாதார் பழுதில்லாத டியூபைக் கழற்றி வீணே அல்லற்படுவர்.

வால்வில் குறையில்லையெனின் டியூபில் துளை உள்ளது எனக் கொள்ளலாம். டயரின் ஒரு பக்க விளிம்பை நெம்புகோலால் மெல்ல நீக்கி, டியூபை வெளியே எடுத்து, சிறிது காற்றடித்து, நீர் நிரம்பிய வாளியில் பகுதி பகுதியாக அமிழ்த்த வேண்டும். குமிழி எழும் இடமே துளை. அவ்விடத்தை அடையாளமிட்டு, நன்கு உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, 'சொல்யூஷன்' எனப்படும் ரப்பர்ப் பசையை மெல்லியதாகத் தடவ வேண்டும். பின்னர்ச் சில நிமிடங்கள் பொறுத்திருத்தல் வேண்டும். பசையிலுள்ள நீர்மம் ஆவியாகிய பின்னரே பசை இறுகப் பற்றும். ஈரம் போகுமுன் ஒட்டுவைத்து அழுத்துவோரின் வேலை அடுத்த நாளே பாழாகும். பலர் தவறுவது இவ்விடத்திலேதான்.

ஒட்டுப்போட்ட பின்னும் ஒரு கடமை உண்டு. துளையிட்ட முள் பெரும்பாலும் டயரிலேயே தங்கியிருக்கும். துணியொன்றை டயரின் உட்புறமாகச் சுற்றிலும் இழுத்தால், முள் இருக்குமிடத்தில் துணி சிக்கும். வெறுங்கையைச் செலுத்துதல் விரலைக் காயப்படுத்தும். முள்ளை நீக்காது டியூபைப் பொருத்தினால் புதிய துளை உண்டாகும். காரணத்தை நீக்காது விளைவை மட்டும் திருத்துவது பயனற்றது என்னும் உண்மையை இச்சிறு வேலை நன்கு கற்பிக்கின்றது. இறுதியில் டயரைக் கையாலேயே அழுத்தி ரிம்மில் ஏற்றுவது நன்று. நெம்புகோல் டியூபைக் கடித்துவிடக்கூடும்.

அடுத்து நோக்கத்தக்கது சங்கிலி. மிதிப்பவரின் ஆற்றல் முழுவதும் இதன் வழியாகவே சக்கரத்தை அடைகின்றது. புழுதி படிந்த சங்கிலியை மண்ணெண்ணெய் தோய்ந்த துணியாலும் பழைய தூரிகையாலும் துடைக்கலாம். இதனை அடுப்பு, விளக்கு முதலியவற்றிற்கு அப்பாலேயே செய்தல் வேண்டும். மண்ணெண்ணெய் அழுக்கை நீக்குமேயன்றித் தேய்வைத் தடுக்காது. ஆகவே, உலர்ந்தபின் இயந்திர எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளியாக இட்டு, மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் மிகுந்தால் புழுதி மிகும். சமையலுக்குரிய எண்ணெய்கள் நாளடைவில் பிசினாகி ஒட்டிக்கொள்ளும் இயல்பினவாதலின் அவற்றை இடுதல் தகாது.

சங்கிலியின் தேய்வை மாணவரின் அடிக்கோலே காட்டிவிடும். மிதிவண்டிச் சங்கிலியில் ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் உள்ள இடைவெளி அரை அங்குலம். ஆகவே, புதிய சங்கிலியில் 24 இடைவெளிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். அவை 12⅛ அங்குலமாக நீண்டிருப்பின், சங்கிலி மிகவும் தேய்ந்துவிட்டது என்க. அதனை மாற்றாது ஓட்டினால் பற்சக்கரங்களும் தேய்ந்து செலவு பெருகும். ஒரே பற்சக்கரமுள்ள வண்டியில், சங்கிலியின் நடுப்பகுதி மேலும் கீழுமாக ஏறத்தாழ அரை அங்குலம் அசையுமாறு இருத்தல் வேண்டும். அதனினும் தொய்ந்திருந்தால், பின்சக்கர அச்சின் நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தை இருபுறமும் ஒப்பப் பின்னே இழுத்து, மீண்டும் இறுக்குக.

உயிரைக் காக்கும் உறுப்பு பிரேக். வண்டியில் ஏறுமுன் பிரேக்கைப் பிடித்தவாறு வண்டியை முன்னே தள்ளிப் பார்த்தல் வேண்டும். சக்கரம் சுழலுதல் கூடாது. பிரேக் கட்டைகள் இரண்டும் ரிம்மை ஒரே நேரத்தில் தொடவேண்டும், டயரைத் தொடலாகாது. தேய்ந்த கட்டைகளை உடனே மாற்றுக. சங்கிலிக்கு இடும் எண்ணெய் ரிம்மிலும் கட்டையிலும் படாதவாறு காத்தல் இன்றியமையாதது. ஓட்டத்திற்கு உதவும் எண்ணெய் நிறுத்தத்திற்குப் பகையாகும். மழை நாளில் நனைந்த ரிம்மில் பிடிப்புக் குறைவதால் வண்டி நிற்க நெடுந்தொலைவு செல்லும். அந்நாட்களில் மெதுவாகச் செல்லுதலே அறிவுடைமை.

பிற உறுப்புகளுள் சக்கரக் கம்பிகள் குறிப்பிடத்தக்கவை. கடைக்காரர் 'போக்ஸ் கம்பி' என வழங்கும் இவை, சக்கரத்தின் நடுக்குடத்தையும் ரிம்மையும் ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கின்றன. கம்பி ஒன்று முறிந்தாலும் தளர்ந்தாலும் அதன் பளு அண்மையிலுள்ள கம்பிகளைச் சாரும், சக்கரமும் கோணும். விரலால் மீட்டினால் தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும். இனி, மிதிகட்டையைக் கழற்றுவோர் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். வலப்புற மிதிகட்டையின் மரை வழக்கம்போல் அமைந்திருக்க, இடப்புற மிதிகட்டையின் மரை எதிர்த்திசையில் அமைந்திருக்கும். ஓட்டத்தில் அது தானே கழன்றுவிடாதிருத்தற்பொருட்டு இவ்வாறு அமைத்துள்ளனர். இஃதறியாது வலிந்து திருகுவோர் மரையையே கெடுத்துவிடுவர்.

இவ்வேலைகளுக்குக் காலவரையறை வகுத்துக்கொள்வது நன்று. நாள்தோறும் காற்றையும் பிரேக்கையும் தொட்டுப் பார்த்தல், வாரந்தோறும் துடைத்துக் காற்றடித்தல், திங்கள்தோறும் சங்கிலிக்கு எண்ணெயிட்டு நட்டுகளைச் சோதித்தல் என்பன போதும். ஒரு பம்பு, இரண்டு ஸ்பானர், ஒரு திருப்புளி, டயர் நெம்புகோல், உப்புத்தாள், பசை, சில ரப்பர் ஒட்டுகள், எண்ணெய்க் குப்பி ஆகியவை ஒரு சிறு பெட்டியில் அடங்கும். நான்கைந்து மாணவர் கூடி இவற்றை வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளுதலும் ஆகும்.

எனினும் எல்லா வேலையும் எல்லாராலும் இயலாது. கோணிய சக்கரத்தைக் கோட்டம் எடுத்தல், விரிசல் கண்ட சட்டத்தைப் பற்றவைத்தல், ஆண்டுக்கொருமுறை அச்சுகளைப் பிரித்து உருள்குண்டுகளைத் தூய்மை செய்யும் 'ஓவராயில்' ஆகியன கைதேர்ந்த தொழிலாளரிடம் ஒப்படைக்கத்தக்கவை. அவர் வேலை செய்கையில் அருகிருந்து உற்று நோக்குதல் நல்ல பாடமாகும். தம் கையால் ஒருமுறை ஒட்டுப்போட்டவரே அத்தொழிலாளரின் திறமையை உள்ளவாறு மதிக்க வல்லவர்.

கைவேலை அறிவுக்குத் தாழ்ந்தது எனக் கருதுவோர் உளர். அமெரிக்க நாட்டின் டேட்டன் நகரில் 1892-ஆம் ஆண்டில் மிதிவண்டிக் கடை வைத்த வில்பர் ரைட், ஆர்வில் ரைட் என்னும் உடன்பிறந்தார் கல்லூரியிற் பயின்றவரல்லர். மிதிவண்டிகளைப் பழுதுபார்த்தும் விற்றும் பின்னர்ச் செய்தும் வாழ்ந்தவர் அவர். அவ்விருவரே 1903-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17-ஆம் நாள் விசைப்பொறியால் இயங்கும் விமானத்தைப் பறக்கச் செய்தனர். அவ்விமானத்தில் பொறியின் ஆற்றலைச் சுழல்விசிறிகளுக்குச் செலுத்தியவை, மிதிவண்டியில் உள்ளவை போன்ற சங்கிலிகளும் பற்சக்கரங்களுமே ஆகும்.

மிதிவண்டியைப் பேணும் மாணவர் அனைவரும் விமானம் செய்யப்போவதில்லை. ஆயினும், ஓசையைக் கேட்டுக் குறையை உணர்தலும், குறையைக் கண்டு காரணத்தைத் தேடுதலும், பழுது சிறிதாயிருக்கும்போதே அதனைக் களைதலும் அவர்க்குப் பழக்கமாகிவிடும். இப்பழக்கம் எத்தொழிலிலும் அவர்க்குத் துணை நிற்கும். ஆதலின், மாணவ மாணவியர் எல்லாரும் தத்தம் வண்டியைத் தாமே பேணக் கற்பாராக.