இறால் குஞ்சின் முதல் உணவு

கெடா மக்களுக்குச் சுங்கை மூடா ஆற்றின் ‘ஊடாங் காலா’ இறாலைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுங்கைப் பட்டாணி அருகே, எங்கள் தோட்டத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா தூண்டிலோடு கிளம்பிவிடுவார். நான் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்தபோது, முட்டை சுமந்த தாய் இறால் ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதைக் குழம்பில் போட மனம் வரவில்லை. குஞ்சுகளை வளர்த்து விற்றால் சம்பளத்துக்குத் துணையாகும் என்று கணக்குப் போட்டார். சேமித்த பணத்தில் தொட்டியும் காற்றுக்குழாயும் வாங்கி, கிணற்று நீர் நிரப்பினார்.

குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் பொரித்து, தலைகீழாக நீந்தின. அம்மா முட்டை மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றினார். நான் அரிசிமாவு தூவினேன். ஐந்தாம் நாள் தொட்டியில் ஓர் உயிர்கூட இல்லை.

“சாப்பாடு போட்டும் செத்துப்போச்சே!” என்றார் அப்பா. அதன்பின் அவர் அந்த முயற்சியில் இறங்கவே இல்லை.

தேசிய இடைநிலைப்பள்ளியில் அறிவியலை மலாயில் படித்து, இன்று பல்கலைக்கழகத்தில் நீர்வாழ் உயிரின வளர்ப்பு பயிலும்போதுதான் எனக்கு விடை கிடைத்தது. நாங்கள் செய்த தவறுகள் இரண்டு.

முதலாவது, தண்ணீர். வளர்ந்த இறால் ஆற்றில் வாழ்ந்தாலும், அதன் இளவுயிரிகளுக்கு உவர்நீர் தேவை. லிட்டருக்கு ஏறத்தாழ 12 கிராம் உப்பு இருக்க வேண்டும். இதை 1961-இல் கண்டறிந்தவர் உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் வல்லுநர் டாக்டர் ஷாவ் வென் லிங். அவர் ஆய்வு செய்த இடம் நமக்குப் பக்கத்திலுள்ள பினாங்கு! 1965-இல் மலேசியத் தாய் இறால்கள் ஹவாய்க்குச் சென்றன. அங்கே தக்குஜி புஜிமுராவின் குழு 1972-க்குள் பெருமளவில் குஞ்சு உற்பத்தி செய்யும் முறையை உருவாக்கியது.

இரண்டாவது, உணவு. முதல் நாள் குஞ்சு தன் உடலிலுள்ள கருவுணவில் வாழும். இரண்டாம் நாள் பசி தொடங்கும். ஆனால் அதற்கு இரையைத் துரத்திப் பிடிக்கத் தெரியாது. தன்மேல் வந்து மோதுவதைத்தான் பற்றித் தின்னும். ஆகவே, நீரெங்கும் அசைந்து திரியும் உயிருணவு வேண்டும். ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிரியின் குஞ்சு இதற்குப் பொருத்தமானது. நீளம் அரை மில்லிமீட்டர்கூட இராது. அதன் காய்ந்த முட்டைகளை உப்புநீரில் இட்டால் சுமார் ஒரு நாளில் பொரிக்கும். பொரித்தவுடன் கொடுத்தால்தான் சத்து மிகுதி. நேரமாக ஆகச் சத்து குறையும். குஞ்சுகள் சற்று வளர்ந்தபின் முட்டை, பால்மாவு, கணவாய்ச் சதை ஆகியவற்றை ஆவியில் வேகவைத்து, சலித்துச் சிறுகச் சிறுகக் கொடுக்கலாம். நாங்கள் ஊற்றிய மஞ்சள் கரு நீரைத்தான் கெடுத்தது.

இந்த இறால் 11 இளம்பருவங்களைச் சில வாரங்களில் கடந்துவிடும். கடல் சிங்கி இறாலோ இலைபோல் தட்டையான இளவுயிரியாகப் பல மாதங்கள் மிதக்கும். அத்தனை காலமும் ஏற்ற உணவு கொடுப்பது கடினம். அதனால்தான் வியட்நாமியப் பண்ணைகள் இன்றும் கடலில் பிடித்த குஞ்சுகளையே நம்பியுள்ளன.

நண்பர்களே, நாம் படிப்பதைத் தமிழில் வீட்டுக்கும் எடுத்துச் செல்வோம். இக்கட்டுரையை முதலில் அப்பாவுக்குத்தான் வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவர், பிறகு கேட்டார்:

“அந்த முட்டை எங்கேப்பா விக்கிறாங்க?”