மாலுமிகள் பேட்டையில் காபிக் கடைகள்

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில், மாஸ் ஆற்றின் தென்கரையில் துருத்திக்கொண்டிருக்கும் பழைய துறைமுகப் பேட்டை காட்டென்ட்ரெக்ட்.

1911-இல் கப்பல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அதை முறியடிக்கச் சீன மாலுமிகளைக் கூட்டிவந்தார்கள். அவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை போயிற்று. கழுத்தில் தகரப் பெட்டியை மாட்டிக்கொண்டு, தெருத்தெருவாகக் கடலை மிட்டாய் விற்றுப் பிழைத்தார்கள். பின்னாளில் மதுக்கூடங்களுக்கும் பாலியல் தொழிலுக்கும் பெயர்போன இடம் இது. துறைமுக வேலைகள் கடல் பக்கம் நகர்ந்ததும் பேட்டை களையிழந்தது.

இன்று அங்குள்ள டெலி சதுக்கத்தைச் சுற்றிக் காபிக் கடைகளும் உணவகங்களும் மேசை போட்டிருக்கின்றன. சுமத்ராவின் டெலி புகையிலைத் தோட்டங்களை நினைவூட்டும் பெயர் அது. அந்தத் தோட்டங்களில் தமிழர்களும் கூலி வேலை செய்தார்கள். 1923-இல் கட்டிய ஃபெனிக்ஸ் கிடங்கு, 2025 மே மாதம் புலம்பெயர்வு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. கூடவே வீட்டு விலையும் ஏறிவிட்டது.

பேட்டையை ஒட்டிய துறைமுகக் குடாவின் அக்கரையில் இருக்கும் ஹோட்டல் நியூயார்க், அமெரிக்காவுக்கு ஆளேற்றிய கப்பல் நிறுவனத்தின் பழைய தலைமையகம். அங்கிருந்து 2012-இல் வந்த நடைபாலம் வழியே நடந்தே வந்துவிடலாம். பாலத்துக்குக் கட்டணம் இல்லை; காபிக்குத்தான் காசு!