சர்க்கரையைத் தப்பவிடாத சல்லடை



கரும்பு வண்டி எடைமேடையை விட்டு இறங்கி, ரசீது கைக்கு வந்ததும், "நம்ம வேலை முடிஞ்சதுங்க, இனிமே ஆலைக்காரங்க பாடு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டு விடுகிறோம். பத்துப் பன்னிரண்டு மாதம் பாடுபட்டவருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் கரும்புக்கு விலை வைப்பது எடை மட்டும் அல்ல. அந்த எடையிலிருந்து ஆலை எவ்வளவு சர்க்கரை எடுத்தது என்பதும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆகவே எடைமேடைக்கு அப்பால் நடப்பதும் நம் சங்கதிதான். அங்கே இருக்கும் ஒரு சல்லடையைப் பற்றி இன்று சொல்லப் போகிறேன். கனத்தில் தபால் கார்டு அளவுதான் இருக்கும். ஆனால் அது தேய்ந்தால் மூட்டை மூட்டையாகச் சர்க்கரை போய்விடும்.

முதலில் விலைக் கணக்கு. நூறு கிலோ கரும்பில் எத்தனை கிலோ சர்க்கரை மூட்டைக்கு வந்தது என்பதைத்தான் சர்க்கரைக் கட்டுமானம் என்கிறோம். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த நியாய ஆதாய விலை, கட்டுமானம் 10.25 சதவீதமாக இருந்தால் குவிண்டாலுக்கு 355 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு 0.1 சதவீதத்துக்கும் குவிண்டாலுக்கு 3 ரூபாய் 46 பைசா கூடும். குறைந்தால் அதே அளவு குறையும். 9.5 சதவீதத்துக்கும் கீழே போனால் மேற்கொண்டு பிடித்தம் இல்லை, 329 ரூபாய் 5 பைசாவில் நின்றுவிடும். டன் கணக்கில் பாருங்கள்: 0.1 சதவீதம் என்றால் டன்னுக்கு 34 ரூபாய் 60 பைசா. ஏக்கருக்கு 40 டன் எடுப்பவருக்கு 1,384 ரூபாய்.

"எங்க ஆலை ஒன்பதரையைத் தாண்டினதே இல்லீங்க, எங்களுக்கு இதில என்ன?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. விலையில் உடனே வித்தியாசம் தெரியாதுதான். ஆனால் தினம் 2,500 டன் அரைக்கும் ஆலையில் 0.1 சதவீதம் என்பது நாளொன்றுக்கு இரண்டரை டன், அதாவது ஐம்பது கிலோ மூட்டையில் 50 மூட்டை. அது விற்பனைக்குப் போகாமல் கழிவோடு போனால், நம் பணத்தைப் பட்டுவாடா செய்ய ஆலையின் கையில் காசு குறைகிறது. நிலுவைத் தொகைக்காக நடந்து செருப்புத் தேய்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, சர்க்கரை எங்கே போகிறது? ஒரு டன் கரும்பில் 120 கிலோ சர்க்கரை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 300 கிலோ சக்கை கழியும். அதில் ஒட்டிக்கொண்டு ஆறு கிலோ வரை போகலாம். சாற்றைச் சுண்ணாம்பும் கந்தகப் புகையும் காட்டித் தெளிய வைக்கும்போது அடியில் தங்கும் சேறு, அதாவது நீங்கள் உரத்துக்கு ஏற்றிவரும் பிரஸ்மட், அதில் ஒரு கிலோவுக்குள். மீதி இழப்பில் பெரும்பங்கு கழிவுப்பாகில். டன்னுக்குச் சுமார் 45 கிலோ கழிவுப்பாகு வரும். அதில் 13, 14 கிலோ சர்க்கரை கரைந்தபடியே இருக்கும். இதை முழுக்க எடுத்துவிட எந்த ஆலையாலும் முடியாது. ஆனால் அதற்கு மேல் ஒரு கிலோ, இரண்டு கிலோ கூடுதலாகப் போவதைத் தடுக்க முடியும். அந்த இடத்தில்தான் நம் சல்லடை நிற்கிறது.

தெளிந்த சாற்றை வற்றக் காய்ச்சினால் மணல் மணலாகச் சர்க்கரைப் படிகமும், அதைச் சுற்றிக் கரும்பாகும் கலந்த கெட்டிக் குழம்பு கிடைக்கும். நம் வீட்டில் பழைய தேன் பாட்டிலின் அடியில் உறைந்து கிடக்குமே, அது மாதிரி. இந்தக் குழம்பிலிருந்து படிகத்தை மட்டும் பிரிக்க வேண்டும். மூன்று தடவை காய்ச்சி மூன்று தடவை பிரிப்பது வழக்கம். கடைசித் தடவை வரும் குழம்பு மிகவும் பிசுபிசுப்பானது, படிகமும் பொடி. அதைப் பிரிக்கப் புனல் வடிவத்தில், மேலே அகன்ற கூடை ஒன்று இருக்கிறது. அதன் உள்சுவரில் சல்லடைத் தகட்டைப் பதித்திருப்பார்கள். கூடை நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 சுற்று சுற்றும். ஒரு மீட்டர் அகலக் கூடை என்றால், விளிம்பில் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல் இரண்டாயிரம் மடங்குக்கு மேலான விசையோடு சுவரில் அழுத்தும். பாகு துளை வழியே வெளியே பாயும். படிகம் சல்லடையின் மேலேயே வழுக்கிக்கொண்டு ஏறி, விளிம்பைத் தாண்டி விழும்.

படிகத்தின் பருமன் 0.2 மில்லிமீட்டர் அளவு. ஆகவே துளை அதைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். நீளவாக்கில் 2 மில்லிமீட்டர், அகலம் 0.06 மில்லிமீட்டர், நம் தலைமயிரின் பருமன்தான். ஒரு சதுர மீட்டர் தகட்டில் லட்சக்கணக்கில் இப்படித் துளைகள். காப்பி வடிகட்டும் பில்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை பெரிதானால் தூள் இறங்கும். அடைத்துக்கொண்டால் டிகாக்‌ஷன் இறங்காது. இங்கேயும் இந்த இரண்டு நோயும் உண்டு.

ஆலைகளில் வெகுகாலமாக இருப்பது நிக்கல் தகடு. மின்சாரம் பாய்ச்சி நிக்கலை மெல்ல மெல்லப் படிய வைத்து, துளையோடு சேர்த்தே வளர்த்தெடுப்பார்கள். நிக்கல் மெதுவானது, ஆகையால் மேலே குரோமியப் பூச்சு கொடுப்பார்கள். துளையின் உருவத்தைக் கவனியுங்கள். குழம்பு படும் பக்கம் குறுகல், பின்பக்கம் அகலம், ஆப்பைக் கவிழ்த்து வைத்தது போல. தப்பித் தவறி வாய்க்குள் நுழைந்த துகள் நடுவில் சிக்காமல் பின்னால் விழுந்துவிட வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. நல்ல யோசனைதான். ஆனால் இதிலேயே ஒரு வினையும் இருக்கிறது. படிகம் இரவும் பகலும் உரசி உரசிக் குரோமியப் பூச்சு கரைந்ததும், குறுகலான மேல்பகுதிதான் முதலில் தேயும். அது போனால் அகலமான அடிப்பகுதி வெளியே வந்துவிடும். ஆகையால் பூச்சு போன பிறகு துளை வேகமாகப் பெருக்கும். பாத்திரத்தின் உள்ளே படிந்த காறை உதிர்ந்து வந்தாலோ, சிறு இரும்புத் துண்டு விழுந்தாலோ தகடு கிழிந்தே போகலாம். கிழிந்த இடத்தில் சர்க்கரை படிகமாகவே பாகோடு கலந்து ஓடும்.

இப்போது லேசருக்கு வருவோம். 1960-இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் என்ற விஞ்ஞானி மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசர் ஒளியை உண்டாக்கினார். சிதறாமல் ஊசிமுனை போல ஒரே இடத்தில் குவியும் ஒளி அது. ஐந்தே வருடத்தில், 1965-இல், கம்பி இழுக்கும் அச்சுக்காக வைரத்தையே அதனால் துளைத்தார்கள். வைரத்தைத் துளைத்த ஒளிக்கு எஃகு எம்மாத்திரம்? துரப்பணம் போட்டு மயிரிழைத் துளை போட முடியாது; முனை ஒடிந்துவிடும். லேசரோ தகட்டைத் தொடுவதே இல்லை. குவிந்த ஒளி பட்ட இடத்தில் எஃகு ஒரு நொடியின் சிறு பங்கில் உருகி ஆவியாகித் தெறிக்கிறது. அதுவும் இயல்பாகவே ஒரு பக்கம் குறுகலும் மறுபக்கம் அகலமுமாகத்தான் துளை விழும். நமக்கு வேண்டியதும் அதுதானே!

இந்த எஃகு வேறொன்றும் இல்லை, துருப்பிடிக்காத எஃகு. நம் வீட்டில் எவர்சில்வர் என்று சொல்லும் இனம். நிக்கலைவிடக் கடினம், அடி தாங்கும், சட்டென்று கிழியாது. இதன் மேலும் குரோமியப் பூச்சு கொடுக்கலாம். பூச்சு போனாலும் அடியில் இருப்பது கெட்டி உலோகம் ஆனதால் துளை மெதுவாகத்தான் பெருக்கும். அரைவைப் பருவத்தின் நடுவில் எந்திரத்தை நிறுத்தித் தகடு மாற்றும் தடவைகளும் குறையும். எந்திரம் நின்றால் வாசலில் நம் வண்டிகள் அல்லவா நிற்கின்றன!

கிடைக்கும் ஆதாயம் எவ்வளவு? கழிவுப்பாகில் கரைந்திருக்கும் திடப்பொருள் நூறு பங்கில் சர்க்கரை எத்தனை பங்கு என்பதைத் தூய்மை என்பார்கள். கழிவில் இந்த எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 33 இருக்க வேண்டியது 35 ஆனால், டன் கரும்புக்கு ஒரு கிலோவுக்கு மேல் சர்க்கரை கூடுதலாகப் போகிறது என்று பொருள். முன்னே சொன்ன 0.1 சதவீதம் அதுதான். அது சல்லடையால்தான் போகிறதா என்று கண்டுபிடிக்க ஆலையின் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எந்திரத்துக்குள் போகும் குழம்பில் கொஞ்சம் எடுத்துச் சிறு வடிகட்டியில் அழுத்திப் பாகை இறக்குவார்கள். எந்திரத்திலிருந்து வரும் பாகோடு அதை ஒப்பிடுவார்கள். இரண்டின் தூய்மையிலும் வித்தியாசம் ஒன்றிரண்டு எண்ணுக்குள் இருந்தால் சரி. நாலு, ஐந்து என்று ஏறினால் எங்கோ படிகம் தப்புகிறது, அல்லது கரைக்கப்படுகிறது.

அதென்ன கரைப்பது? இரண்டாவது நோய் அது. துளை அடைபட்டால் பாகு இறங்காது, படிகம் கறுப்பாக வரும். ஷிப்டில் நிற்பவர் என்ன செய்வார்? தண்ணீர்க் குழாயைக் கூடத் திறந்துவிடுவார். படிகம் வெளுக்கும், ஆனால் பாதி சர்க்கரை தண்ணீரில் கரைந்து கழிவோடு சேரும். எத்தனை உசத்தியான தகடு போட்டாலும், கழுவாமல் அடைக்க விட்டாலும், ஒட்டும் ஓரத்தில் இடைவெளி விட்டுப் பொருத்தினாலும் பலன் இல்லை. லேசர் தகடு விலையும் அதிகம். துளையின் ஓரத்தில் உருகிய எஃகு பிசிறாக ஒட்டியிருந்தால் படிகத்தை உடைத்துப் பொடியாக்கும். ஆகவே ஒரு எந்திரத்தில் மாட்டிப் பார்த்து, பழைய தகடு உள்ள எந்திரத்தோடு ஒப்பிட்டு, பிறகு மற்றதற்கு வாங்குவதுதான் முறை என்பது என் அபிப்பிராயம். சில ஆலைகள் இப்போது பாகைக் கடைசிவரை வற்றவிடாமல் இடையிலேயே எடுத்து எத்தனாலுக்கு அனுப்புகின்றன. அங்கே கணக்கு வேறு.

பிரஸ்மட் வடிக்கும் உருளையிலும் சல்லடை உண்டு. அதில் துளை அரை மில்லிமீட்டர் அளவு பெரிது. அதையும் லேசரால் துளைத்த எஃகில் செய்கிறார்கள். அங்கே போகும் சர்க்கரை சொற்பம். என்றாலும், வயலில் கொட்டிய புது பிரஸ்மட்டில் ஈ மொய்ப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

இதில் நம் பங்கும் உண்டு. கரும்பை வெட்டி நாள் கணக்கில் போட்டு வைத்தால் கிருமிகள் பெருகி, சாற்றில் டெக்ஸ்ட்ரான் என்ற பசை உண்டாகிறது. பசை கூடினால் பாகு சல்லடையில் இறங்காது. அது மட்டுமா? படிகம் கட்டியாக வளராமல் ஊசி ஊசியாக நீளும். ஊசியாக இருப்பது மயிரிழைத் துளையில் நுழையாமல் என்ன செய்யும்? வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும் என்று கரும்பு அலுவலர் சொல்வது இதற்காகவும்தான். வண்டி வரிசையில் இரண்டு நாள் காய்வது உங்கள் குற்றம் அல்ல, அதை ஆலைதான் சரிசெய்ய வேண்டும். ஆனால் வெட்டு உத்தரவு வருமுன்னே வெட்டிச் சாய்ப்பதும், மண்ணும் சோகையும் வேருமாக ஏற்றுவதும் நம் கையில் இருக்கிறது. மண் பெரும்பாலும் சேற்றோடு இறங்கிவிடும் என்றாலும், போகிற வழியில் உருளையையும் பம்பையும் வடிகட்டும் சல்லடையையும் அரம் போல ராவிவிட்டுத்தான் இறங்கும்.

கூட்டுறவு ஆலைகளில் நீங்கள் பங்குதாரர்கள். பேரவைக் கூட்டத்தில் காப்பியும் மிக்சரும் சாப்பிட்டுவிட்டு வராமல், எழுந்து கேளுங்கள். "இந்தப் பருவத்தில கடைசிக் கழிவுப்பாகோட தூய்மை என்னங்க? போன பருவத்தில என்ன? ஆய்வுக்கூடத்துப் பாகுக்கும் எந்திரத்துப் பாகுக்கும் எத்தனை எண் வித்தியாசம்? சல்லடைத் தகட்டை எத்தனை தடவை மாத்தினீங்க?" இந்த எண்களெல்லாம் ஆலைக் கெமிஸ்டின் நோட்டில் இருக்கும். தனியார் ஆலையானால் கரும்பு வளர்ப்போர் சங்கத்தின் மூலம் கேட்கலாம். கேட்கவேண்டிய சமயம் அரைவை முடிந்து எந்திரங்களைப் பிரித்துப் பழுது பார்க்கும் மாதங்கள். தகடு வாங்குவதும் அப்போதுதான். அரைவை தொடங்கிய பிறகு கேட்டால் "அடுத்த பருவத்துக்குப் பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும்.