ஃபைலைத் திறந்தால் குடும்பக் கதை!

சென்னையை அடுத்த ஒரகடம் பக்கம், ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டு சேர்க்கை நாள். அம்மாவின் கையில் தண்ணீர் பாட்டில், அப்பாவின் கையில் கட்டண ரசீது. பிள்ளை மட்டும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை யாரிடமும் கொடுக்காமல் நெஞ்சோடு பிடித்திருக்கிறது. அதற்குள் என்னதான் இருக்கிறது? வாங்க, எட்டிப் பார்த்துவிடுவோம்!

முதலில் மதிப்பெண் பட்டியல். கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50 என்று 200-க்குக் கட்-ஆஃப். இரண்டு பேருக்கு ஒரே கட்-ஆஃப் வந்தால்? பாட மதிப்பெண், பத்தாம் வகுப்பு, பிறந்த தேதி என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுவார்கள். எல்லாமே சமமாக இருந்தால், கடைசித் தீர்ப்பு கம்ப்யூட்டர் தந்த 10 இலக்க ரேண்டம் எண்ணுக்கு!

அடுத்த தாளைப் பாருங்கள்: முதல் பட்டதாரிச் சான்றிதழ். தாத்தா பாட்டி காலத்திலிருந்து அந்த வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்று வருவாய்த் துறை கொடுக்கும் உறுதி. 2010 முதல் இதற்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. மூன்று தலைமுறையின் கனவு ஒரே பக்கத்தில்! அதன் கீழே, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று. 2021-ல் வந்த 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டும் அரசின் பொறுப்பு.

இனி பிறந்த தேதி. 2025-ல் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் 2007, 2008-ல் பிறந்தவர்கள். ஒரகடம் தொழிற்பேட்டையில் ரெனால்ட் நிசான் ஆலை திறந்த 2010-ல் நடை பழகி முடித்தவர்கள். 2012-ல் பாரத்பென்ஸ் லாரி ஆலை வந்தபோது எல்கேஜி வயது. அடுத்த ஆண்டு ராயல் என்ஃபீல்டு வந்தபோது ஒன்றாம் வகுப்பை எட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தொழிற்பேட்டையும் இவர்களும் சேர்ந்தே வளர்ந்தவர்கள்!

பக்கத்தில் பென்னலூரில் இருக்கும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி தொடங்கிய 1985-ல் இந்தப் பகுதியில் கார் ஆலையே கிடையாது. இன்றைக்கோ ஒரகடத்தில் காரை வேண்டுமென்றே மோதவிட்டுச் சோதிக்கும் ஆய்வுக்கூடம்கூட இருக்கிறது. அப்படிப்பட்ட ஊருக்கு வந்தும் எத்தனையோ பேர் முதலில் கேட்பது கம்ப்யூட்டர் சயின்ஸ்தான். பெற்றோரின் முதல் கேள்வி, “பிளேஸ்மென்ட் எப்படி சார்?” கடன் வாங்கிப் படிக்க வைக்கும் வீட்டில் அந்தக் கேள்விதான் முதலில் வரும், அதில் எந்தத் தவறும் இல்லை.

ஃபைலில் இல்லாத தாள் ஒன்றே ஒன்றுதான். பிள்ளை எங்கிருந்து வருகிறது என்று அத்தனை சான்றிதழும் சொல்கிறது. எங்கே போக ஆசை என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. அமெரிக்காவில் 1966 முதலே முதலாண்டு மாணவர்களின் பின்னணியையும் எதிர்பார்ப்பையும் சேர்த்தே கேட்டுக் கணக்கெடுத்திருக்கிறார்கள். நம் கல்லூரிகளுக்கு ஒரு வெள்ளைத்தாள் போதும். அறிமுக வாரத்திலேயே கொடுங்கள், தமிழில் எழுதச் சொல்லுங்கள். இயந்திரத்தைத் தொட்டுப் பார்க்க ஆசை என்று ஒரு பெண் எழுதினால், முதல் செமஸ்டரிலேயே பக்கத்து ஆலைக்குக் கூட்டிப் போங்கள். நான்காம் ஆண்டு வரை அவளைக் காக்க வைக்காதீர்கள்!