'என் லேப்டாப்ல ஓடுதே!' - ஜாங்கோவை டாக்கரில் ஏற்றினால் டேட்டா எங்கே போகும்?

"என் லேப்டாப்ல நல்லா ஓடுதே..." சாஃப்ட்வேர் அலுவலகங்களில் இந்த ஒரு வரியால் வந்த சண்டைகளுக்குக் கணக்கே இல்லை. எழுதியவரின் கணினியில் பைத்தான் 3.12, சர்வரில் 3.8. இவரிடம் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், பக்கத்து சீட்காரரிடம் எஸ்க்யூலைட். கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனால், ஓரிடத்தில் ஓடுகிறது. இன்னோரிடத்தில் எரர் கொட்டுகிறது.

இதற்கு வந்த தீர்வுதான் கன்டெய்னர். அப்ளிகேஷனை மட்டும் அனுப்பாமல், அது ஓடத் தேவையான பைத்தான், லைப்ரரிகள், செட்டிங்ஸ் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்து அனுப்பும் ஏற்பாடு. பெயர் துறைமுகத்திலிருந்து வந்தது. 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி அதிபர், 'ஐடியல் எக்ஸ்' கப்பலில் 58 பெட்டிகளை நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கிரேனுக்குத் தெரிய வேண்டியதில்லை. இங்கேயும் அதே கதைதான்.

ஒரு புரோகிராமை மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்கும் வசதி லினக்ஸில் முன்பே இருந்தது. ஆனால், அதைக் கையாள்வது பெரிய தலைவலி. 2013 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில் நடந்த பைத்தான் மாநாட்டில், சாலமன் ஹைக்ஸ் சில நிமிடங்களில் செய்து காட்டிய டாக்கர்தான் அதைச் சாதாரண டெவலப்பரின் கைக்குக் கொண்டுவந்தது.

செய்தித்தாள் ஆபீஸில் பிறந்த ஜாங்கோ

பெட்டிக்குள் வைக்க ஓர் உதாரணம் வேண்டுமே? ஜாங்கோவை எடுத்துக்கொள்வோம். பைத்தானில் வெப்சைட் கட்டுவதற்கான இந்த ஃப்ரேம்வொர்க், அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் 'லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்டு' என்ற செய்தித்தாளின் இணையப் பிரிவில் பிறந்தது. 2003-ல் அட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் தொடங்கிய வேலை, 2005 ஜூலையில் பொதுவெளிக்கு வந்தது. பெயர், கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் நினைவாக. டெட்லைன் நெருக்கடியில் உருவானதால்தானோ என்னவோ, லாகின், அட்மின் பக்கம் எல்லாம் ரெடிமேடாகவே கிடைக்கும்.

இதை டாக்கரில் ஏற்ற இரண்டு ஃபைல்கள் போதும். முதலாவது 'டாக்கர்ஃபைல்'. இது சமையல் குறிப்பு மாதிரி: இந்தப் பைத்தான் பதிப்பை எடு, லைப்ரரிப் பட்டியலைக் காப்பி செய், இன்ஸ்டால் செய், பிறகு கோடைக் காப்பி செய். வரிசை முக்கியம். டாக்கர் ஒவ்வொரு வரியையும் ஓர் அடுக்காகச் சேமித்து வைக்கும். கோடை முதலில் காப்பி செய்தால், ஒரு கமா மாறினாலும் எல்லா லைப்ரரியும் மறுபடி முதலிலிருந்து இன்ஸ்டால் ஆகும்.

இந்தக் குறிப்பிலிருந்து உருவாவது 'இமேஜ்'. அது ஓடும்போது 'கன்டெய்னர்'. முறுக்கு அச்சும் முறுக்கும் போல. அச்சு ஒன்றுதான், எத்தனை முறுக்கு வேண்டுமானாலும் பிழியலாம். ஒன்று உடைந்தால் அச்சுக்கு ஒன்றும் ஆகாது.

இரண்டாவது, 'கம்போஸ்' ஃபைல். ஜாங்கோவுக்கு ஒரு கன்டெய்னர், போஸ்ட்கிரஸுக்கு ஒரு கன்டெய்னர் என்று இதில் எழுதிவிட்டு, 'டாக்கர் கம்போஸ் அப்' என்று அடித்தால் இரண்டும் எழுந்து நிற்கும்.

நிற்கும், ஆனால் பெரும்பாலும் முதல் தடவையே பக்கம் திறக்காது. ஜாங்கோவின் டெவலப்மென்ட் சர்வர் வழக்கமாக 127.0.0.1 முகவரியில் காத்திருக்கும். கன்டெய்னருக்குள் அந்த முகவரி என்றால் அந்தக் கன்டெய்னர் மட்டும்தான். வெளியே இருக்கும் பிரவுசருக்கு வழி இல்லை. 0.0.0.0:8000 என்று மாற்றி, 8000 போர்ட்டை வெளியே திறந்துவிட வேண்டும். டேட்டாபேஸையும் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று தேடக் கூடாது. கம்போஸ் ஃபைலில் அதற்கு வைத்த பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். போஸ்ட்கிரஸ் முழுதாகத் தயாராகும் முன் ஜாங்கோ கதவைத் தட்டினாலும் எரர் வரும். அதற்கு 'ஹெல்த்செக்' சேர்த்து, அது தேறிய பிறகே ஜாங்கோ எழ வேண்டும் என்றும் கம்போஸ் ஃபைலில் சொல்ல வேண்டும்.

டேட்டா போச்சா?

விஷயமே இங்கேதான். முறுக்கு உடையலாம் என்றோமே, கன்டெய்னரும் அப்படித்தான். தேவைப்பட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுப்புவார்கள். ஆனால் உள்ளே யூசர்கள் பதிவு செய்த டேட்டா?

எஸ்க்யூலைட்டில் ஆரம்பித்திருந்தால், டேட்டாபேஸ் என்பது கன்டெய்னருக்குள் இருக்கும் ஒரு ஃபைல். கன்டெய்னரை நீக்கினால் அதுவும் காலி. யூசர்கள் அப்லோட் செய்த போட்டோக்களுக்கும் இதே கதிதான்.

போஸ்ட்கிரஸில் கதை இன்னும் குழப்பமானது. அதன் அதிகாரபூர்வ இமேஜ், நாம் எதுவும் சொல்லாவிட்டாலும் டேட்டாவை வெளியே 'வால்யூம்' என்ற தனி இடத்தில் வைக்கும். ஆனால், அந்த இடத்துக்குப் பெயர் இருக்காது. 'டாக்கர் கம்போஸ் டவுன்' கொடுத்து மறுபடி 'அப்' செய்தால், புதிய கன்டெய்னருக்குப் புதிய வால்யூம் கிடைக்கும். திறந்து பார்த்தால் டேபிள் எதுவும் இல்லை! "ஐயோ, எல்லாம் போச்சே" என்று பதறுவார்கள். உண்மையில் பழைய டேட்டா பெயரில்லாத வால்யூமில் அநாதையாகக் கிடக்கும், 'டாக்கர் வால்யூம் எல்எஸ்' கொடுத்துத் தேடி எடுக்கலாம். ஆனால், டிஸ்க்கில் இடம் இல்லை என்று யாராவது 'டாக்கர் வால்யூம் ப்ரூன்' அடித்திருந்தால்? அந்தக் கட்டளை குறிவைப்பதே யாரும் பயன்படுத்தாத, பெயரில்லாத வால்யூம்களைத்தான்.

ஆகவே, கம்போஸ் ஃபைலில் வால்யூமுக்கு ஒரு பெயர் வைப்பது கட்டாயம். பெயர் வைத்த வால்யூமை 'டவுன்' தொடாது. அதே கட்டளையின் கடைசியில் ஒரு சின்னக் கோடும் 'வி' எழுத்தும் சேர்த்தால் மட்டும் அதுவும் சேர்ந்து அழியும், "நிச்சயமாகவா?" என்று கேட்கக்கூட மாட்டாது. இணையத்தில் கிடைக்கும் பல 'க்ளீனா ஆரம்பிங்க' டிப்ஸில் இந்தக் கோடு சாதாரணமாக உட்கார்ந்திருக்கும். லேப்டாப்பில் பரவாயில்லை, சர்வரில் அதைக் காப்பி பேஸ்ட் செய்வது ஆபத்து.

இமேஜ் பெயருக்குப் பின்னால் 'லேட்டஸ்ட்' என்று விடுவதும் வம்பு. போஸ்ட்கிரஸின் ஒரு பெரிய பதிப்பு எழுதிய டேட்டாவை அடுத்த பெரிய பதிப்பு நேரடியாகப் படிக்காது. 18-வது பதிப்பில், வால்யூமை இணைக்க வேண்டிய இடமே மாறிவிட்டது. 17 என்றால் 17 என்றே எழுதி வைப்பது நல்லது.

பூட்டாத ஜன்னல்

டேட்டாபேஸின் 5432 போர்ட்டை வெளியே திறக்கவே தேவையில்லை. கன்டெய்னர்கள் தங்களுக்குள் தனி நெட்வொர்க்கில் பேசிக்கொள்ளும். உபுண்டுவில் 'யூஎஃப்டபிள்யூ' ஃபயர்வால் போட்டிருக்கிறோமே என்ற தைரியமும் வேண்டாம். டாக்கர் திறக்கும் போர்ட்டுகள் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும் என்பதை டாக்கரின் ஆவணமே சொல்கிறது. 2017 தொடக்கத்தில் பாஸ்வேர்டு இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி டேட்டாபேஸ்களை அழித்துவிட்டு, பணம் கேட்டுக் குறிப்பு வைத்துப் போனார்கள்.

பாஸ்வேர்டையும் ஜாங்கோவின் 'சீக்ரெட் கீ'யையும் டாக்கர்ஃபைலில் எழுதக் கூடாது. ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த வரியில் அழித்தாலும், பழைய அடுக்கில் அது அப்படியே இருக்கும். இமேஜ் கிடைப்பவர் எவரும் பிரித்துப் பார்க்கலாம். அவற்றைத் தனி ஃபைலில் வைத்து, ஓடும்போது மட்டும் கொடுக்க வேண்டும். அந்த ஃபைலின் பெயரை 'டாக்கர்இக்னோர்' பட்டியலிலும் சேர்த்துவிட்டால், கோடைக் காப்பி செய்யும்போது அதுவும் தவறுதலாக உள்ளே போகாது.