சரிவு நிலத்தில் வீடு கட்டப் போகிறீர்களா? முதலில் தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள்

சமதள மனை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. சிரம்பான், ரவாங், உலு லங்காட் போன்ற மேடு பள்ளமான வட்டாரங்களில் அப்பா விட்டுச் சென்ற நிலமோ, சேமநிதிப் பணத்தில் வாங்கிய லாட்டோ சரிவாகத்தான் இருக்கும். அதில் நல்ல வீடு கட்ட முடியாது என்பதில்லை. ஆனால், தாமானில் பார்த்துப் பிடித்துப்போன ஒரு வீட்டின் வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து சரிவில் வைக்கப் பார்த்தால், பணமும் போகும், நிம்மதியும் போகும்.

1993 டிசம்பர் 11-ஆம் தேதி உலு கிள்ளான் ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு புளோக் சரிந்து 48 பேர் உயிரிழந்ததை நம்மில் பலர் மறக்கவில்லை. கட்டடத்துக்குப் பின்னால் இருந்த சரிவும், முறையாக வெளியேற்றப்படாத நீரும் அந்தத் துயரத்தின் பின்னணியில் இருந்தன. தனி வீடு சிறியதுதான். ஆனால், மண்ணும் மழையும் செயல்படும் விதம் இரண்டுக்கும் ஒன்றே.

எவ்வளவு சரிவு?

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உரிமம் பெற்ற நில அளவையாளரிடம் மட்டக்கோடுகளுடன் கூடிய வரைபடம் வாங்குங்கள். நம் நாட்டில் சரிவுகள் பொதுவாக நான்கு வகையாகப் பிரிக்கப்படுகின்றன: 15 டிகிரிக்குக் கீழ், 15 முதல் 25 வரை, 25 முதல் 35 வரை, 35-க்கு மேல். பத்து மீட்டர் தூரத்தில் நிலம் ஏறக்குறைய 2.7 மீட்டர் இறங்கினால் அது 15 டிகிரி. 4.7 மீட்டர் இறங்கினால் 25 டிகிரி. சரிவு கூடக் கூட அனுமதி கிடைப்பது கடினம், செலவும் அதிகம். விதிமுறைகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும் என்பதால், நிலம் வாங்குவதற்கு முன்பே ஊராட்சி மன்றத்தில் விசாரிப்பது நல்லது. விவசாய நிலமாகப் பதிவாகியுள்ளதா, கட்டட நிலமா என்பதையும் நில அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று வழிகள்

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மனையின் நீளம் 30 மீட்டர். மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் உயர வித்தியாசம் 4.5 மீட்டர். வீட்டின் நீளம் 14 மீட்டர் என்றால், வீடு நிற்கும் இடத்தில் மட்டும் நிலம் 2.1 மீட்டர் இறங்குகிறது. இதைச் சமாளிக்க மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பிச் சமதளமாக்குவது. பலரும் முதலில் நினைப்பது இதைத்தான். வெட்டிய பக்கம் மண் இறுகி இருக்கும். நிரப்பிய பக்கமோ, அடுக்கடுக்காக இறுக்கினாலும், ஆண்டுக்கணக்கில் மெல்லத் தாழும். வீட்டின் பாதி அங்கும் பாதி இங்கும் நின்றால், இரண்டும் சேரும் இடத்தில் சுவர் வெடிக்கும். ஆகவே, அடித்தளம் கொட்டிய மண்ணைத் தாண்டி, கீழே உள்ள உறுதியான மண்ணில் நிற்க வேண்டும். மேலும் கீழும் தடுப்புச் சுவர்களும் தேவைப்படும்.

இரண்டாவது வழி, வீட்டையே இரண்டு தளமாகப் பிரிப்பது. 14 மீட்டர் வீட்டை ஏழு ஏழு மீட்டராகப் பிரித்தால், இரண்டுக்கும் இடையே 1.05 மீட்டர் வித்தியாசம் வரும். 17.5 சென்டிமீட்டர் உயரத்தில் ஆறு படிகள் வைத்தால் போதும். வரவேற்பறை ஒரு மட்டத்திலும், சாப்பாட்டு அறையும் சமையலறையும் அடுத்த மட்டத்திலும் அமையும். மண் வேலை குறையும், சுவர்களின் உயரமும் குறையும். மிதமான சரிவுக்குப் பெரும்பாலும் இதுவே பொருத்தம்.

மூன்றாவது வழி, தாழ்ந்த பக்கத்தில் தூண்கள் எழுப்பி அதன்மேல் வீட்டை நிறுத்துவது. கம்பத்து வீடுகளில் நாம் பார்த்த முறைதான். நிலத்தை அதிகம் தோண்ட வேண்டியதில்லை. மழைநீரும் அடியில் தடையின்றிப் போகும். பின்னாளில் அந்தக் காலி இடத்தைச் சுவர் வைத்து அறையாக்க ஆசை வரும். அதற்குத் தனி அனுமதி வேண்டும், நீர் போகும் வழியும் அடைபடக்கூடாது.

எந்த அறை எங்கே?

சாலைக்கு மேலே ஏறும் மனையா, சாலைக்குக் கீழே இறங்கும் மனையா என்பதே அறைகளின் இடத்தைத் தீர்மானிக்கிறது.

மேலே ஏறும் மனையில் கார் நிறுத்துமிடம் சாலை மட்டத்தில் இருக்கும், வீடு உயரத்தில் இருக்கும். அரிசி மூட்டையும் கேஸ் தோம்பும் படியேறித்தான் சமையலறைக்குப் போக வேண்டும். கீழே இறங்கும் மனையில் வாசலும் வரவேற்பறையும் சாலை மட்டத்தில் அமையும், படுக்கையறைகளைக் கீழ்த்தளத்தில் வைக்கலாம். ஆனால், சாலையில் ஓடும் மழைநீர் வீட்டை நோக்கி வரும். கழிவுநீர்க் குழாய் சாலையில் இருந்தால், கீழ்த்தளக் கழிவறையின் நீர் தானாக மேலேறாது. பம்ப் வைக்க வேண்டும். செப்டிக் தொட்டி என்றால், கழிவு அகற்றும் லாரியின் குழாய் எட்டும் இடமாகப் பார்க்க வேண்டும்.

வயதான பெற்றோர் இருக்கும் குடும்பங்கள் ஒன்றை விட்டுக்கொடுக்கக் கூடாது. வாசல், ஒரு படுக்கையறை, ஒரு குளியலறை, முடிந்தால் சாமி அறையும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். இன்று நடப்பவர்கள் நாளை சக்கர நாற்காலியில் வரலாம். அதற்கான சாய்தளம் 12-க்கு 1 என்ற அளவில் அமைய வேண்டும். ஒரு மீட்டர் உயரம் ஏற 12 மீட்டர் நீளம் பிடிக்கும். வீடு கட்டிய பிறகு அந்த இடத்தைத் தேடினால் கிடைக்காது.

வாஸ்து பார்ப்பவர்கள், வடகிழக்கு தாழ்ந்தும் தென்மேற்கு உயர்ந்தும் இருக்க வேண்டும் என்பார்கள். நிலம் இயல்பாகவே அப்படி அமைந்தால் மகிழ்ச்சி. எதிர்மாறாக இருந்தால், லாரி லாரியாக மண் கொட்டிச் சரிவைத் திருப்ப முயல வேண்டாம். அறைகளை மாற்றி அமைப்பதே பாதுகாப்பான வழி.

நீரே எதிரி

தடுப்புச் சுவரைச் சாய்ப்பது பெரும்பாலும் மண் மட்டுமல்ல, மண்ணுக்குள் தேங்கும் நீர். சுவரின் பின்புறம் சரளைக்கல் அடுக்கும், அடியில் வடிகுழாயும், சுவரில் நீர் கசியும் துளைகளும் இருக்க வேண்டும். சரிவின் உச்சியில் ஒரு கால்வாய் அமைத்து, மேலிருந்து வரும் நீரை வீட்டுக்கு வருமுன் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். அங்கிருந்து கீழே இறங்கும் கால்வாய் படிப்படியாக இருந்தால் நீரின் வேகம் தணியும். கூரைத் தண்ணீரை மண்ணில் விடாமல் கால்வாயில் சேருங்கள். வெறும் மண்ணாக விடாமல் புல்லோ வெட்டிவேரோ நட்டால் மண் அரிப்பு குறையும்.

குடிபுகுந்த பிறகும் கவனம் தேவை. துளைகளில் அடைப்பு, சுவரில் வீக்கம், அகலமாகும் வெடிப்பு, திடீரெனச் சாயும் மரம், சேறு கலந்து கசியும் நீர் ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள். இவற்றைப் பூசி மறைக்காமல் பொறியியலாளரை அழையுங்கள். கனமழையின்போது கண்டால் வீட்டை விட்டு வெளியேறிவிடுங்கள்.

கையெழுத்திடும் முன்

1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி, மண் வேலைக்கும் ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். தெரிந்தவரின் எக்ஸ்கவேட்டர் சும்மா இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வெட்டிவிடக் கூடாது. உங்கள் நிலத்தை வெட்டும்போது பக்கத்து நிலம் பிடிமானம் இழந்தால், சட்டப்படி நீங்கள் பதில் சொல்ல நேரிடும்.

மண் பரிசோதனை செய்யாமல் அடித்தளத்துக்கு விலை பேசாதீர்கள். குத்தகையாளர் தரும் விலைப்பட்டியலில் மண் வேலை, அடித்தளம், தடுப்புச் சுவர், வடிகால் ஆகிய நான்கும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். 'எல்லாம் சேர்த்து' என்ற ஒற்றைத் தொகை வேண்டாம். பணம் பற்றவில்லையென்றால் டைல்ஸையும் கேபினட்டையும் தள்ளிப்போடலாம். அவற்றை இரண்டு ஆண்டு கழித்துச் செய்துகொள்ளலாம். சுவருக்குப் பின்னால் புதைக்கும் வடிகுழாயை அப்படிச் செய்ய முடியாது.

வரைபடத்துக்கு ஒப்புதல் தரும் முன், நல்ல மழை பெய்யும் நாளில் ஒருமுறை குடை எடுத்துக்கொண்டு மனைக்குப் போய்வாருங்கள். நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, யார் நிலத்துக்குப் போகிறது என்று கைப்பேசியில் படம் பிடித்துக் கட்டடக் கலைஞரிடம் காட்டுங்கள்.