இரவைப் பற்றிய பாட்டு வேறு, இரவுக்கான பாட்டு வேறு

யூடியூபில் ‘இரவு நேர மெலோடி’ என்று தேடினால், மணிக்கணக்கில் ஓடும் தொகுப்புகள் வந்து குவியும். எதைத் திறந்தாலும் நிலா இருக்கும், பிரிவு இருக்கும், தூங்காத கண்கள் இருக்கும். ‘பயணங்கள் முடிவதில்லை’யின் (1982) ‘இளைய நிலா’, ‘மௌன ராக’த்தின் (1986) ‘நிலாவே வா’, ‘அக்னி நட்சத்திர’த்தின் (1988) ‘தூங்காத விழிகள்’ ஆகியவை இப்படிப்பட்ட தொகுப்புகளில் தவறாமல் இடம்பிடிப்பவை. மூன்றும் எனக்கு உயிர். ஆனால், நடு இரவில் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருப்பவர் கேட்க வேண்டிய பாட்டு இவற்றில் ஒன்றுகூட இல்லை.

காரணம், இந்தப் பாடல்கள் அத்தனை நன்றாக இருப்பதுதான். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் ஒரு சோதனை செய்தார்கள். இசை கேட்டால் உடல் சிலிர்க்கும் இயல்புள்ளவர்களுக்கு அவர்களுக்குப் பிடித்த இசையையே போட்டு, மூளையைப் படம் பிடித்தார்கள். சிலிர்க்கும் கணத்தில் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரந்தது. அந்தக் கணத்துக்குச் சற்று முன்பும், ‘இதோ வரப்போகிறது’ என்று மனம் காத்திருக்கும்போதே, மூளையின் வேறொரு பகுதியில் சுரந்திருந்தது.

இந்த மூன்றுக்கும் இசையமைத்த இளையராஜாவின் பாடல் அமைப்பே இந்தக் காத்திருப்பின் மேல் எழுந்தது. முதல் சரணத்துக்கு முன்னால் வரும் இடையிசை ஒன்று. இரண்டாம் சரணத்துக்கு முன்னால் வருவது பெரும்பாலும் முற்றிலும் வேறொன்று. எந்த இடத்தில் கிடார் நிற்கும், எந்த இடத்தில் புல்லாங்குழல் எடுத்துக்கொள்ளும் என்று நமக்கு மனப்பாடம். அந்த இடம் வரும்வரை காது விழித்தே இருக்கும். வந்து போனதும் அடுத்த பாட்டுக்கான காத்திருப்பு தொடங்கிவிடும். இப்படியே மணி மூன்றாகிவிடும்.

தூங்க வைப்பதற்கென்றே பிறந்த பாட்டு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நம் ஊர்த் தாலாட்டுகள் நாலைந்து சுரங்களுக்குள் அடங்கிவிடும். ஒரே மெட்டு இரண்டிரண்டு அடியாகத் திரும்பத் திரும்ப வரும். பாட்டின் பொருளும் அதே மாதிரிதான். அழுகிற பிள்ளையை அடித்தது யார் என்று கேட்டு மாமன், அத்தை, பாட்டி என உறவுகளை ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டே போகும். மாமனுக்கு ஒரு பூ என்றால் அத்தைக்கு வேறொரு பூ. கதை நகராது, திருப்பம் வராது, முடிவு என்று ஒன்றும் கிடையாது. பிள்ளை தூங்கினால் பாட்டு நிற்கும், அவ்வளவுதான். அடுத்து என்ன என்று காத்திருக்க வேண்டிய தேவையே இல்லாதபடி செய்யப்பட்ட இசை வடிவம் இது. எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ தாய்மார்கள் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கித் தந்தது.

அதோடு தூளியின் ஆட்டமும் சேர்ந்துகொள்ளும். ஜெனீவா ஆய்வாளர்கள் 2011இல் வளர்ந்த ஆண்களை, நான்கு விநாடிக்கு ஒரு தரம் ஆடும் கட்டிலில் பகல் தூக்கம் போட வைத்தார்கள். அசையாத கட்டிலில் படுத்தபோது ஆனதைவிட விரைவாக அவர்கள் தூங்கினார்கள். கட்டிலை ஆட்ட ஆள் இல்லாத நாம், அந்த ஆட்டத்தைத் தாளத்தில் தேடிக்கொள்ளலாம்.

கர்நாடக இசையில் தூக்கத்துக்கென்றே நீலாம்பரி இருக்கிறது. கோயில் பள்ளியறைப் பூசைக்கு நாகசுரத்தில் வாசிக்கும் ராகம். தியாகராஜரின் ஊஞ்சல் பாட்டு ‘உய்யால லூகவய்யா’வும், நாகப்பட்டினத்து அம்மனைப் பாடும் தீட்சிதரின் ‘அம்ப நீலாயதாக்ஷி’யும் இந்த ராகத்தில் அமைந்தவை. நீலாம்பரி வேகத்துக்கு இணங்காது. வளைந்து, இழைந்து, நின்று நின்றுதான் நடக்கும்.

‘வரிகள்தான் மனத்தைக் கிளறுகின்றன, வரிகள் இல்லாமல் கேட்டால் போதும்’ என்று பலர் சினிமாப் பாட்டின் வீணை, பியானோ வடிவங்களைத் தேடிப் போகிறார்கள். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. நன்கு தெரிந்த பாடல்களின் வரியில்லாத வடிவத்தைக் கேட்டுப் படுத்தவர்களுக்குத்தான் மெட்டு மண்டைக்குள் அதிகமாக ஓடியது. அவர்களின் தூக்கமும் கெட்டது. விடுபட்ட வரிகளை மனம் தானே பாடி நிரப்புகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். வாத்திய இசைதான் வேண்டும் என்றால், சாகித்யம் தெரியாத கீர்த்தனையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சினிமாத் தாலாட்டுகளிலும் கவனம் தேவை. ‘சித்தி’யில் (1966) பி. சுசீலா பாடிய ‘காலமிது காலமிது’ கேட்க இதமானதுதான். ஆனால், ஒரு பெண்ணுக்கு வாழ்நாள் முழுவதும் தூக்கம் எப்படிப் பறிபோகிறது என்பதல்லவா அது சொல்வது! வளர்ந்தவர் அதைக் கேட்டுத் தூங்கிவிட முடியாது. ‘மூன்றாம் பிறை’யின் (1982) ‘கண்ணே கலைமானே’ இன்னும் கடினம். கண்ணதாசன் கடைசியாக எழுதிய பாட்டு அது. படம் வெளிவருவதற்குள், 1981 அக்டோபரில், சிகாகோவில் அவர் மறைந்துவிட்டார். அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பும் கூடவே வரும். கதை ஒட்டிக்கொண்ட பாட்டு எவ்வளவு மென்மையாக இருந்தாலும் எழுப்பிவிடும்.

ஆகவே, உங்களுக்கு உதவும் பாட்டு எது என்பதை இன்னொருவர் சொல்ல முடியாது. ஸ்பாட்டிஃபையில் மக்கள் தூக்கத்துக்கென்று சேர்த்துவைத்த பட்டியல்களை ஆராய்ந்து 2023இல் ஒரு கட்டுரை வந்தது. பெரும்பாலும் மெதுவான, சத்தம் குறைந்த இசைதான். ஆனால், நடுவே பி.டி.எஸ். குழுவின் துள்ளலான ‘டைனமைட்’ பாட்டும் இருந்தது. பழகித் தேய்ந்த பாட்டு வேகமாக இருந்தாலும் சிலரை அமைதிப்படுத்தக்கூடும்.

பட்டியலைப் பகலிலேயே போட்டுவையுங்கள். நடு இரவில் கைப்பேசியில் பாட்டுத் தேடுவது, தானே ஒரு விழிப்பு. முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வேகம் படிப்படியாகக் குறையட்டும், விளம்பரம் குறுக்கிடாத ஏற்பாடாக இருக்கட்டும், தானாக நின்றுவிடும்படி டைமர் வையுங்கள். முக்கியமாக, தூக்கம் வராத அன்று மட்டும் கேட்காமல் தினமும் கேளுங்கள். தூக்கமின்மைக்கு இசை உதவுகிறதா என்று 13 ஆய்வுகளை, மொத்தம் 1,007 பேரை, அலசிய காக்ரேன் அமைப்பின் 2022 மதிப்பீடு, தூக்கத்தின் தரம் மேம்படுகிறது என்றே முடிவு சொன்னது. அந்த ஆய்வுகளில் கலந்துகொண்டவர்கள் இசையைத் தினமும் கேட்டவர்கள்.

பட்டியல் ஓடி முடிந்தும் விழித்தே கிடந்தால், கட்டிலை விட்டு எழுந்துவிடுங்கள். படுக்கை என்றால் விழித்துக் கிடக்கும் இடம் என்று உடல் பழகிவிடக் கூடாது என்பது 1970களிலேயே உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் வகுத்துத் தந்த முறை. மங்கிய வெளிச்சத்தில் கூடத்தில் உட்கார்ந்திருங்கள், கண் சொக்கும்போது திரும்பி வாருங்கள். வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல், மூன்று மாதத்துக்கு மேலாக இப்படியே போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாத்திரைதான் தருவார்கள் என்று பயந்து தள்ளிப்போட வேண்டாம். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது தூக்கப் பழக்கத்தையும் அதைப் பற்றிய எண்ணங்களையும் மாற்றும் உளவியல் சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இலேயே பரிந்துரைத்திருக்கிறது.